கற்றாழை வரிசையில் ஐந்தாவது

என் அப்பாவைப் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும் என்பதில் எனக்கு முதலில் ஆட்சேபம் எதுவும் இருக்கவில்லை. பொது இடத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகிறோம். பொது இடம் என்றால் விதி இருக்கும். சீட்டில் எங்களை எந்த வகையில் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது.

அப்பா பெயர் வைரக்கண்ணு. இது நடந்தபோது அவர் இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. எங்கள் தெருவின் இடுகாட்டில், மேற்கிலிருந்து மூன்றாவது வரிசையில் ஐந்தாவதாக அவரைப் புதைத்தோம். நாய் தோண்டாமல் இருக்க மேட்டின்மேல் கற்றாழை நட்டோம். எங்கள் ஊரில் எல்லாக் குழிக்கும் அப்படித்தான் நடுவார்கள். முள் இருக்கிறது, தண்ணீர் கேட்பதில்லை, ஆடு வாய் வைக்காது. ஒவ்வொரு வருடமும் மாசி பதினேழாம் தேதி அம்மா அங்கே போய் இலை விரித்துச் சோறு படைப்பாள். படைத்து முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். பொழுது சாய்வதற்குள் படைத்தாக வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆனால் காலை எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் இதுவரை ஆபத்து ஒன்றும் வந்ததில்லை.

அவர் இறந்த ஆறாம் ஆண்டில் அந்த இடம் பூங்கா ஆனது. முழுப் பெயர் ‘பெரம்பலூர் – அரியலூர் ஒருங்கிணைந்த மாபெரும் தாவரவியல் பூங்கா மற்றும் உயிர்ப்பன்மை உய்வகம்’. பரப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர். கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம், ஆடு மேய்ந்த புறம்போக்கு, ஓர் ஏரியின் பாதி, எங்கள் இடுகாடு ஆகியவை அதற்குள் போயின. ஆவணத்தில் இவை நான்கும் ‘பயன்பாட்டில் இல்லாத நிலம்’ என்றிருந்தன. இறந்தவர்கள் படுத்திருப்பது பயன்பாட்டில் சேருமா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. நான் சட்டம் படித்தவள் இல்லை. பகலில் அரியலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. மாலையில் அரசுத் தேர்வுக்கான வகுப்பு.

சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் எங்களுக்குப் புது இடுகாடு ஒதுக்கினார்கள். மற்ற குடும்பங்கள் பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப்போய்ப் புதிய இடத்தில் வைத்துக்கொண்டன. அம்மா மட்டும் ஒப்பவில்லை.

“ஆள வுட்டுட்டு மண்ண அள்ளிக்கிட்டு வரச் சொல்றீங்களா?” என்று கேட்டாள். அதிகாரிகள் நடத்திய அந்தக் கூட்டத்தில் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததை ஒப்புதல் என்று குறித்துக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்து வந்த மாசி பதினேழு, காலை ஒன்பது ஐந்துக்கு நாங்கள் பூங்கா வாசலில் நின்றோம். எட்டு மணிக்கே வந்து காத்திருந்தோம். ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதை நான் முன்கூட்டி விசாரிக்கவில்லை. அது என் தவறு.

சீட்டு கொடுப்பவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டார்: “என்ன விஷயமா வந்திருக்கீங்க?”

“எங்க வூட்டுக்காரரப் பாக்கணும்” என்றாள் அம்மா.

“ஸ்டாஃபா?”

“இல்லிங்க. இங்கதான் இருக்காரு. ஏழு வருஷமா.”

“பூங்காவுல யாரும் தங்கக் கூடாதே. எந்த பிளாக்ல இருக்காரு?”

நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எந்திரத்தின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பெரியவர், சிறியவர், நடைப்பயிற்சி, கேமரா, கல்யாணத்துக்கு முந்திய படப்பிடிப்பு, ஆய்வாளர்.

“செத்தவங்களப் பாக்கறதுக்குப் பட்டன் குடுக்கலம்மா. கல்யாண ஷூட்டிங் இருக்கு, அதப் போடட்டுமா? புருஷன் பொண்டாட்டி சமாச்சாரந்தானே.”

“வேண்டாம் சார்.”

“அப்ப ஆய்வாளர்னு போடறேன். எதையோ தேடிக்கிட்டுத்தானே வந்திருக்கீங்க.”

அப்படி நாங்கள் ஆய்வாளர்கள் ஆனோம்.

பை சோதனையில் இருந்த காவலாளி அறிவரசன், வரதராஜன்பேட்டைக்காரர். அவர் பையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து மேசையில் வைத்து, சுவரில் ஒட்டியிருந்த பட்டியலோடு ஒப்பிட்டார். வாழை இலை வெளித்தாவரம். இருபத்தொரு நாள் தனிமைப்படுத்திய பிறகுதான் உள்ளே விட முடியும். தேங்காய் விதை, விதைச் சான்று வேண்டும். கற்பூரம் தீ. சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை மூன்றும் உணவு. உணவுக்கு அனுமதியே கிடையாது.

“இலைக்கு ரசீது தரேன்க்கா. இருவத்தொரு நாள் கழிச்சி வந்து வாங்கிக்கலாம்” என்றார்.

“அதுக்குள்ள வாடிப்பூடாதா தம்பி?”

“வாடுனா நோய் இருந்துச்சின்னு அர்த்தமாம்.”

அம்மா தூக்குவாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அறிவரசன் அம்மாவைப் பார்த்தார், தூக்குவாளியைப் பார்த்தார், பிறகு என் பக்கம் குனிந்தார்.

“பாப்பா, நீ படிச்ச புள்ளையாட்டம் இருக்க. இந்தப் பட்டியல்ல இயற்கை உரத்துக்குத் தடை இல்ல. சோத்த உரம்னு எழுதிக் குடு. நான் எதையும் மோந்து பாக்கல.”

‘இயற்கை உரம், இரண்டு கிலோ’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். அரசுப் பதிவேட்டில் பொய் எழுதியது அதுவே முதல் முறை. இரண்டாவது முறை அன்றைக்கே வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பூங்காவில் பதினான்கு மண்டலங்கள். எங்கள் இடுகாடு பதினொன்றாவது. நேரே அங்கே போகலாம் என்று நினைத்திருந்தேன். வழிகாட்டி சிவரஞ்சனி அது முடியாது என்றார். மின்கல வண்டியில்தான் போக வேண்டும். மண்டலங்களை வரிசையாகத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் நிற்க வேண்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் வலது கையை நீட்டி மரம் காக்கும் உறுதிமொழி எடுத்து, கைபேசியில் ஐந்து நட்சத்திரக் கருத்து அனுப்ப வேண்டும். கருத்து போய்ச் சேராமல் வண்டி கிளம்பாது.

“நான்கு நட்சத்திரம் கொடுத்தால்?” என்று கேட்டேன்.

“மண்டலத்தை மறுபடியும் சுற்றிக்காட்ட வேண்டும் என்பது விதி” என்றார் சிவரஞ்சனி. அவர் தாவரவியலில் முதுகலை முடித்தவர். மனப்பாடம் செய்ததைச் சொல்லும்போது புத்தகம் போலவும், மற்ற நேரத்தில் எங்களைப் போலவும் பேசினார்.

இரண்டாவது மண்டலம் அமேசான். நாற்பது தொட்டிகளில் நாற்பது காய்ந்த குச்சிகள் நின்றன. ஒவ்வொன்றின் முன்னும் நீண்ட பெயருடன் பித்தளைப் பலகை பளபளத்தது.

“இவை தற்போது உறக்கநிலையில் உள்ளன” என்றார் சிவரஞ்சனி.

“எப்பம்மா எந்திரிக்கும்?” என்றாள் அம்மா.

“பதிவேட்டின்படி எல்லாமே உயிரோடு உள்ளன. மென்பொருளில் இறப்புக்குக் கட்டம் கிடையாது.”

“செத்தத செத்துப்போச்சின்னு சொல்ல என்ன கூச்சம்?”

சிவரஞ்சனி திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “என்னாண்ட கேக்காதீங்கம்மா. நான் காண்ட்ராக்ட் ஆளு.”

நாங்கள் குச்சிகளுக்கு முன்னால் கையை நீட்டி அவற்றைக் காப்பதாக உறுதி சொன்னோம். ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மண்டலங்களிலும் கொடுத்தேன். ரோஜா மண்டலத்தில் பூக்கள் எல்லாம் நெகிழி. அங்கே மட்டும் தூசி தட்டும் ஆள் ஒருவர் இருந்தார். வேலை சுத்தமாக இருந்ததால் அந்த ஐந்து நட்சத்திரத்தில் எனக்கு உறுத்தல் இல்லை.

ஆறாவது மண்டலம் மழைக்காடு. மேலே குழாய்களிலிருந்து பனி போலத் தண்ணீரை அடித்தார்கள். மணி பதினொன்றரை. வெயிலில் வந்ததற்கு அது இதமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா உதடுகளை உள்ளே மடித்து வாயை இறுக மூடிக்கொண்டு, முந்தானையால் முகத்தை மறைத்து நின்றாள். ஒரு சொட்டு உள்ளே போய்விடக் கூடாது என்று இருபது நிமிடம் அப்படியே நின்றாள். உறுதிமொழியையும் வாயைத் திறக்காமலே எடுத்தாள்.

பதினொன்றாவது மண்டலத்துக்கு வரும்போது மணி ஒன்று ஐம்பது. அம்மாவின் கை சில்லிட்டிருந்தது.

வாசலில் ‘இயற்கைக் கற்றாழை அதிசயம்’ என்ற வளைவு. சிவரஞ்சனி கைகளைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தார்: “இங்குள்ள கற்றாழைகள் எவராலும் நடப்படாதவை. ஆறடிக்கு ஒன்றாக, வடக்கு தெற்காக, சீரான வரிசையில் இயற்கையே இவற்றை அமைத்துள்ளது. இம்மண்ணில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பதன் காரணம் ஆராயப்படுகிறது. வேறெங்கும் காண முடியாத இந்த ஒழுங்கைக் கண்டு வல்லுநர் குழு வியந்து நின்றது.”

அம்மா வண்டியிலிருந்து இறங்கி வரிசைக்குள் நடந்தாள். ஒவ்வொரு கற்றாழையிடமும் நின்றாள்.

“இது கலியம்மா. இது அவ மாமியா சுந்தராம்பா. ரெண்டு பேருக்கும் ஆவாது, பக்கத்துல பக்கத்துல வச்சிட்டானுவ. இது பால்காரரு. இது பொறந்து மூணா நாளு போன புள்ள, பேரு வைக்கல.”

சிவரஞ்சனி குறிப்பேட்டை எடுத்தார். “உள்ளூர்ப் பெயர்களாம்மா? மெதுவாச் சொல்லுங்க. இதெல்லாம் எங்ககிட்ட பதிவாகல.”

அவை புதைக்கப்பட்டவர்களின் பெயர்கள் என்று நான் திருத்தினேன். நான் திருத்தியதையும் அவர் எழுதிக்கொண்டார். ஆனால் அடுத்த மாதம் அங்கே நட்ட பலகையில் ‘உள்ளூர்ப் பெயர்: கலியம்மாள்’ என்றுதான் இருந்தது.

மூன்றாவது வரிசையில் ஐந்தாவதைத் தேடினேன். இரண்டு முறை எண்ணினேன். எண்ணிக்கையில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. நான்காவதற்கும் ஆறாவதற்கும் நடுவில் சிமெண்டு மேடையும், அதன்மேல் இருவர் நிற்கும் அளவு சிவப்பு இதய வளைவும் இருந்தன. புதுமணத் தம்பதிகள் படமெடுத்துக்கொள்ளும் இடம்.

அம்மா இதயத்துக்குள் நின்று கீழே பார்த்தாள்.

“எங்கம்மா அவரு?”

“இந்த வளைவுக்கு அடித்தளம் தோண்டியபோதுதான் பூங்காவின் பெருமைக்குரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது” என்று சிவரஞ்சனி தொடங்கினார். பாதியில் எங்கள் முகத்தைப் பார்த்தார். மீதியை அவர் சொல்லவில்லை. வண்டியை எடுக்கச் சொன்னார். அந்த ஒரு மண்டலத்தில் மட்டும் உறுதிமொழி கேட்கவில்லை. நட்சத்திரத்தையும் அவரே தன் கைபேசியிலிருந்து போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாவது மண்டலம் புதைபடிவக் கூடம். எங்கள் பகுதியில் வயலில் மண்வெட்டி போட்டால் கல்லாய்ப்போன கிளிஞ்சல் வரும். ஒரு காலத்தில் இதெல்லாம் கடல். பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஆகவே மண்ணுக்குள்ளிருந்து எது வந்தாலும் அதைக் கழுவி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கோடிகளில் வயது எழுதும் வழக்கம் இங்கே வந்துவிட்டது. கூடத்தின் நடுவே, தனி விளக்கின் கீழ், காட்சிப்பொருள் எண் நாற்பத்தேழு இருந்தது.

விளக்கப் பலகையை அம்மாவுக்காகச் சத்தமாகப் படித்தேன்.

‘கடல்வாழ் ஊர்வன இனம். காலம்: ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன். சிறப்பு: வலது தொடை எலும்பில் இரும்புத் தாது தகடு போலப் படிந்துள்ளது. தாது, எட்டு இடங்களில் திருகாணி வடிவில் எலும்பை ஊடுருவியிருப்பது அரிதினும் அரிது.’

அப்பா சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக இருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது லாரி பின்னால் வந்ததில் தொடை முறிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள்.

அம்மா கண்ணாடியில் விரலை வைத்து ஆணிகளை எண்ணினாள். எட்டு வந்தது.

“மேல இருந்து ரெண்டாவது” என்றாள். “பனிக்காலத்துல அதுதான் குத்துதும்பாரு. நான் தவுட்ட வறுத்து ஒத்தடம் குடுப்பேன்.”

சுவரில் ஓவியர் ஒருவர் அந்த உயிரினம் வாழ்ந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று வரைந்திருந்தார். துடுப்பும் செதிலும் உள்ள ஏதோ ஒன்று அலையிலிருந்து தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. அம்மா அதை நெடுநேரம் பார்த்தாள்.

“கண்ணு மட்டும் கொஞ்சம் அவராட்டம் இருக்கு” என்றாள்.

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கப் போனாள். கூடத்தில் உரம் போட இயக்குநரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்றார்கள்.

இயக்குநர் முனைவர் இளையபெருமாள் மதிய உணவில் இருந்தார். பிறகு இணையவழிக் கருத்தரங்கில் இருந்தார். மூன்று ஐம்பதுக்கு எங்களை அழைத்தார். எழுந்து நின்று அம்மாவை வணங்கினார். அவரைக் கெட்டவர் என்று என்னால் எழுத முடியவில்லை. நாற்காலியைக்கூட அவரே நகர்த்திப் போட்டார்.

“அம்மா, உங்கள் உணர்வுகளை நான் மதிக்கிறேன். பூங்கா உணர்வுகளை மதிக்கிறது. அதற்கென்றே ஒரு குழு அமைத்திருக்கிறோம். குழு இன்னும் கூடவில்லை” என்றார்.

“அது எங்க வூட்டுக்காரருங்க” என்றாள் அம்மா.

“பொறுங்கள். அறிவியல் முறைப்படி யோசிப்போம். அது உங்கள் கணவர் என்றால், அந்த இடம் இடுகாடு. இடுகாடு என்றால் அங்கே பூங்கா அமைத்திருக்க முடியாது. ஆனால் பூங்கா அமைந்திருக்கிறது. நாம் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே அது இடுகாடு இல்லை. ஆகவே அது உங்கள் கணவர் இல்லை. இதில் எங்காவது பிழை இருந்தால் சொல்லுங்கள், நான் திருத்திக்கொள்கிறேன்.”

எனக்கு உடனே பிழை தெரியவில்லை. பையில் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகல் ஐந்து இருந்தது. கடையில் வேலை என்பதால் எதற்கும் ஐந்து நகல் எடுத்து வைத்திருப்பேன். ஒன்றை நீட்டினேன். தகடு வைத்த மருத்துவமனைச் சீட்டின் நகலையும் வைத்தேன். அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார்.

“நல்ல ஆவணங்கள். மறுக்கவே முடியாது” என்றார். “ஆனால் பாருங்கள், இதன்படி அவர் இறந்து ஏழு ஆண்டு. எங்கள் பலகையின்படி ஒன்பது கோடி ஆண்டு. இரண்டும் அரசு முத்திரை பெற்றவை. முரண்பாடு இருந்தால் ஒன்றைத் திருத்த வேண்டும். பலகை பித்தளை, திறப்பு விழாவும் நடந்துவிட்டது. சான்றிதழ் காகிதம். எது எளிது என்று நீங்களே சொல்லுங்கள். இறந்த தேதியைத் திருத்த விண்ணப்பித்தால் நான் பரிந்துரைக் கடிதம் தருகிறேன்.”

“அவ்வளவு பழைய தேதிய வாங்குவாங்களா சார்?” என்று கேட்டுவிட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

“நாள், மாதம் தெரியாவிட்டால் ஜனவரி ஒன்று என்று போடலாம்” என்றார்.

அம்மாவின் நெற்றியில் வியர்வை. அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. சர்க்கரை இறங்குவதன் அடையாளம் அது.

“யம்மா, ஒரு வாய் தண்ணி குடி.”

“படைக்காம எப்புடிடி குடிக்கிறது?”

“அவரு கோச்சிக்க மாட்டாரும்மா.”

“அவரு கோச்சிக்க மாட்டாரு. நான் குடிக்க மாட்டேன்.”

மணி நாலு இருபத்தைந்து. பொழுது சாய இரண்டு மணி நேரம்கூட இல்லை. நான் எழுந்து நின்றேன். “சார், பொருளை நாங்க கேக்கல. அது இருக்கற எடத்துலேயே இருக்கட்டும். முன்னாடி கொஞ்சம் சோறு வச்சி, கும்பிட்டுட்டுப் போயிடறோம்.”

அப்பாவைப் பொருள் என்று சொன்ன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான்.

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

“பொருளுக்கு உணவு படைப்பதா? உள்ளூர் மக்களா? தாமாக முன்வந்தா?” அவர் ஒரு கோப்பைத் திறந்தார். “எங்கள் காலாண்டு அறிக்கையில் ‘பொதுமக்கள் பங்கேற்பு’ என்று ஒரு பத்தி. மூன்று காலாண்டாகக் காலியாக இருக்கிறது. கூடத்துக்கு ஆளே வருவதில்லை. ஒன்பது கோடி ஆண்டு என்றால் மக்களுக்கு ஒட்டுவதில்லை. யாராவது அதன் முன்னால் உட்கார்ந்து அழுதால் ஒட்டும். நான் இதை அமைச்சகத்துக்கே எழுதியிருக்கிறேன்.”

படிவம் வந்தது. அதில் நான்காவது கட்டம்: ‘விண்ணப்பதாரருக்கும் காட்சிப்பொருளுக்கும் உள்ள உறவு’. ‘மனைவி’ என்று எழுதத் தொடங்கினேன்.

“அப்படி எழுதினால் குழுவுக்குப் போகும். குழு கூடவில்லை என்று சொன்னேன் அல்லவா?” என்றார் அவர், வருத்தத்துடன்.

அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்கள் பாதி மூடியிருந்தன. எழுதியதை அடித்துவிட்டு ‘உள்ளூர்வாசி’ என்று எழுதினேன். அம்மா அதன் கீழே ஆண்டாயி என்று கையெழுத்துப் போட்டாள். எட்டு எழுத்துக்கூட அவள் சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. இதை மட்டும் அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார்.

“கையெழுத்து அழகாக இருக்கிறது. அரசுத் தேர்வு எழுதினால் வெற்றி பெறுவீர்கள்” என்று இயக்குநர் என்னை வாழ்த்தினார். என் எழுத்தைத்தான் சொன்னார்.

நாலு ஐம்பதுக்குக் கூடத்தில் ஏற்பாடு ஆயிற்று. வாழை இலை தனிமையில் இருந்ததால் அலுவலகத்திலிருந்து நெகிழி உறையிட்ட வாழை இலைப் படம் ஒன்று கொடுத்தார்கள். கற்பூரத்துக்குப் பதில் மின்கலத்தில் எரியும் மெழுகுவத்தி. அம்மா அதைப் பற்றியெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. படத்தின்மேல் சோற்றைப் போட்டாள், குழம்பு ஊற்றினாள், முட்டையை இரண்டாகப் பிட்டு வைத்தாள். கண்ணாடிக்கு முன்னால் நெற்றியைத் தரையில் வைத்தாள்.

“அம்மா, ஒரு நிமிஷம். வெளிச்சம் பத்தல. இன்னொரு தடவ” என்றார் புகைப்படக்காரர்.

அம்மா எழுந்து மறுபடியும் விழுந்து கும்பிட்டாள்.

“கொஞ்சம் சத்தமா ஏதாவது சொல்லி அழ முடியுமா? வீடியோவும் எடுக்கறேன்.”

“அவருக்குச் சத்தம் ஆவாதுங்க” என்றாள் அம்மா. மூன்றாவது முறையும் கும்பிட்டாள்.

ஐந்து பத்துக்குத் தண்ணீர் குடித்தாள். டம்ளர் பல்லில் பட்டு டகடகவென்று ஆடியது. சிவரஞ்சனி தன் பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலம் எடுத்துக் கொடுத்துவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று பார்த்துக்கொண்டார்.

மறுவாரம் கூடத்தின் வாசலில் பலகை வைத்தார்கள்: ‘தொல்லுயிருக்கு மண்ணின் மக்கள் மரியாதை. நேரடிச் செயல்விளக்கம். காலை 11, மாலை 4.’ அம்மாவை ஒப்பந்த முறையில் சேர்த்துக்கொண்டார்கள். பச்சைத் தொப்பி, கழுத்தில் ‘பசுமைத் தோழி’ என்று அட்டை. நான் வேண்டாம் என்று சொன்னேன். எவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பதில் எனக்கே ஐயம் இருக்கிறது.

“வெளிய நின்னா வருஷத்துக்கு ஒரு நாளு, அதுவும் உறுதி இல்ல” என்றாள் அம்மா. “உள்ள போனா தெனமும் பாக்கலாம். தொப்பி போட்டா என்ன, தல தேஞ்சா பூடும்?”

அதனால் அம்மா தினமும் காலையில் பட்டினி கிடந்தாள். பதினொரு மணிக் காட்சிக்குப் படைத்த பிறகுதான் சாப்பிட்டாள். செயல்விளக்கம்தானே, சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொன்னால், “பாக்குறவங்களுக்குத்தான் அது விளக்கம்” என்பாள்.

கூட்டம் வரத் தொடங்கியது. பெரம்பலூரிலிருந்து பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்தன. கல்லங்குறிச்சிக் கோயிலுக்கு வந்தவர்கள் அப்படியே இங்கும் வந்துபோனார்கள். ஒரு நாள் ஒரு சிறுமி, “பாட்டி, அது என்னா சாப்புடும்?” என்று ஒலிபெருக்கியில் கேட்டாள்.

“கருவாட்டுக் கொழம்புன்னா உசுரு” என்றாள் அம்மா. “உப்பு கம்மியா இருந்தா தொடமாட்டாரு.”

இரண்டு மாதத்தில் பித்தளைப் பலகையில் ஒரு வரி சேர்ந்தது: ‘உணவு: மீன், குறிப்பாக உப்புநீர் வகை.’ இயக்குநர் அதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்து வந்தார். பலகையைத் திருத்த முடியாது என்று அவர் அன்றைக்குச் சொன்னதை நான் நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருக்க வேண்டுமோ என்னவோ.

அம்மா மெலிந்தாள். மண்டியிட்டு மண்டியிட்டு முழங்கால் கறுத்துப்போனது. வீட்டில் அப்பாவைப் பற்றிப் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. முன்பெல்லாம் மழை பெய்தால், கருவாடு வாங்கினால், லாரி ஒலி கேட்டால் ஏதாவது சொல்வாள். இப்போது, “இன்னைக்கு அறுவது பேரு” என்பாள். இல்லாவிட்டால், “ரெண்டாவது ஷோவுக்கு மைக்கு வேல செய்யல” என்பாள்.

அடுத்த ஆண்டு மாசி பதினேழு செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாய் பூங்காவுக்கு வார விடுமுறை.

ஒரு மாதம் முன்பே தெரிந்துகொண்டு விண்ணப்பம் எழுதினேன். இந்த முறை நேரம், விதி எல்லாவற்றையும் விசாரித்து, உறவு என்ற இடத்தில் ‘மனைவி, மகள்’ என்றே எழுதினேன். அரை மணி நேரம் போதும், வண்டி வேண்டாம், வழிகாட்டி வேண்டாம் என்று எழுதினேன். பதினெட்டாம் நாள் பதில் வந்தது. வேறு எந்த அலுவலகமும் எனக்கு அவ்வளவு சீக்கிரம் பதில் அனுப்பியதில்லை.

‘காட்சிப்பொருள் 47-க்கு நடப்பாண்டில் 588 முறை உணவு படைக்கப்பட்டுள்ளதால், ஒரு நாள் இடைவெளியால் பொருளுக்குப் பாதிப்பு ஏதும் ஏற்படாது என்று தெரிவிக்கப்படுகிறது.’

படித்துக் காட்டினேன். அம்மா காதுகொடுத்துக் கேட்டாள். 588 என்பது சரியா என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் காய்ச்சலில் போகாததைக் கழித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது.

மாசி பதினேழு காலையில் நான் கடைக்கு விடுப்பு சொல்லியிருந்தேன். பூங்காவின் கம்பி வேலிக்கு வெளியே, கற்றாழை வரிசை தெரியும் இடத்தில் இலையைப் போட்டுவிடலாம் என்று எண்ணி, இரவே வாழை இலை அறுத்துத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தேன். ஐந்து மணிக்கு எழுந்து குளித்தேன். சோறு வடித்து, குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்தேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று ருசி பார்க்க முடியாது. கண் அளவில் போட்டேன்.

அம்மா ஏழு மணிக்கு எழுந்தாள். முகம் கழுவிவிட்டு வந்து, பானையிலிருந்து பழைய கஞ்சியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கரண்டியோடு நின்றேன்.

“யம்மா, இன்னைக்கு மாசி பதினேழு.”

“தெரியும்” என்றாள். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டாள். “இன்னைக்கு உங்கப்பாவுக்கு லீவுடி.”

வட்டிலைக் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். என் வட்டிலையும் எடுத்து எதிரில் வைத்து, அதிலும் ஊற்றினாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து நானும் குடித்தேன்.